முழம் போட்டு அளந்த ஸ்டேஷன்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. கணக்கு இடிக்கிறதே என்று யாரும் என்னைத் திருத்த வர வேண்டாம். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதோடு சரி. ஆனால் கணக்கில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை, நானும் யாரையும் ஏமாற்றியதில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் எத்தனையோ வருஷம் பூ விற்றவள் நான். சில பூக்காரிகள் முழம் போடும்போது விரலை உள்ளே மடக்கிக்கொள்வார்கள். நான் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் முழுசாகப் போட்டுத்தான் நூலைக் கிள்ளுவேன். பத்து கூடை தள்ளி நின்றாலும் என்னைத் தேடி வருவார்கள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

சிறுவயதுக் கதை சொல்லச் சொன்னாள். என் சிறுவயதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தேன், களை பறித்தேன், கட்டிக்கொடுத்தார்கள். என் கடைசிப் பெண்ணின் சிறுவயதில் ஒரு கதை இருக்கிறது. அவள்தான் இதை எழுதுகிறவளுக்கு அம்மா. அப்போது அவளுக்குப் பத்து வயது.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலம். செல்போன் என்பது சூப்பர்வைசர் இடுப்பில் மட்டும் தொங்கும். மாடு மேய்ந்த இடமெல்லாம் கம்பிவேலிக்குள் போய்விட்டதால் என் வீட்டுக்காரர் இருந்த இரண்டு மாட்டையும் விற்றார். விற்ற கையோடு மாட்டுக் கொட்டாய்க்குச் சுவர் வைத்து, சிமெண்ட் ஷீட் போட்டு, வாடகைக்கு விட்டார். மாட்டைவிட இது மேல், சாணி அள்ள வேண்டியதில்லை என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

அந்த அறைக்கு வந்தவன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். இருபது, இருபத்தொன்று இருக்கும். நாங்களும் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அவனும் வேதக்காரன் என்பதால் பேச்சு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. என்னைச் சித்தி என்பான். கார் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை. செய்து வருகிற சாமான் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்ப்பான். மயிரிழை கூடினாலும் ஒதுக்கித் தள்ளிவிடுவானாம். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன இரும்பு ஸ்கேல். என் வீட்டுக் கதவு சாய்ந்திருக்கிறது என்பான், மாதா படம் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பான். ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, "இட்லி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவா இருக்கே சித்தி" என்றான்.

"துன்ற வாய் ஒண்ணுதானே? துன்னு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அவன் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான். வண்டி ஏறுவதற்கு அல்ல. பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். எனக்குப் பூக்கூடை தூக்கி வந்த என் பெண்ணும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் வரும். தாம்பரம் விட்டால் அதற்குச் செங்கல்பட்டுதான். நடுவில் எங்கள் ஸ்டேஷன் இருப்பதே அதன் கண்ணுக்குத் தெரியாது. தடதடவென்று போகும். அது போகிற வரைக்கும் அவன் எழுந்து நிற்பான். பூசையில் நிற்கிற மாதிரி நிற்பான். என் பெண் பெட்டிகளை விரல் விட்டு எண்ணுவாள்.

"விடிஞ்சா எங்க ஊர்ல நிக்கும் பாப்பா" என்பான்.

"இங்க ஏண்ணா நிக்க மாட்டுது?"

"பெரிய வண்டில்லா. இந்த பிளாட்பாரம் அதுக்குக் காணாது. பாதிப் பெட்டி வெளிய நிக்கும்."

"பிளாட்பாரம் பெருசா இருந்தா நிக்குமா?"

"நிக்கும், நிக்கும்" என்றான், பிள்ளைக்குச் சொல்கிற சமாதானமாக.

டிசம்பர் பிறந்தது. ஒருநாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தவன் சாப்பிட உட்காரவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"லீவு கிடையாதாம் சித்தி. புதுசா சேந்தவனுக்குக் கிறிஸ்துமஸும் இல்ல, ஒண்ணும் இல்லயாம். லைன் ஓடணுமாம். அம்மா போன்லயே அழுதுட்டா. பொறந்ததுலேர்ந்து ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நான் வீட்டுல இல்லாம இருந்ததில்ல. நான் போயிருவேன்."

"சொல்லாம போனா வேலை?"

"போவட்டும். கடல் இருக்கு, வலை இருக்கு."

"சித்திரையில தங்கச்சி கல்யாணம்னு சொன்னியே?"

அந்தக் கல்யாணத்தை இவன் வேலையை நம்பித்தான் பேசி முடித்திருந்தார்கள். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பாவாடையில் புளியங்கொட்டை தேய்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தவளுக்கு எவ்வளவு தெரிந்ததோ.

மறுநாள் காலை அவள் என்னிடம் வந்தாள். எங்கள் தெருவில் டிசம்பர் ஆனால் வீட்டுக்கு வீடு குடில் போடுவோம். சாக்கில் மைதாப் பசை தடவி மலை, மலையடியில் கேழ்வரகு முளைக்கவிட்டுப் பச்சை, நடுவில் மாட்டுத் தொழுவம், அதில் குழந்தை யேசு.

"எம்மா, இந்த வருசம் சாமி நம்ம ஸ்டேஷன்ல பொறக்கட்டும்."

"இன்னாடி பேசுற? தொழுவத்துலதான் பொறந்தாரு."

"தொழுவத்ததான் அப்பா அண்ணனுக்கு வாடகைக்கு வுட்டுட்டாரே."

வீட்டுக்காரர் வாயில் இருந்த காப்பி புரைக்கேறிப்போனது. கொட்டாயிலிருந்து தூத்துக்குடிப் பிள்ளையும் எட்டிப்பார்த்தான். ஸ்டேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது.

"கட்டுறதுன்னா சும்மா கட்டக் கூடாது பாப்பா. அளவெடுத்துக் கட்டணும். நிஜத்துல நூறடின்னா நம்ம குடில்ல அரையடி. டிக்கெட் கவுன்டர், பெஞ்சு, பிளாட்பாரம், எல்லாம் அந்தக் கணக்குலதான் இருக்கணும். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா என் கையால தொடமாட்டேன்."

அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான். இது நல்லதுக்குத்தான் என்று நானும் விட்டுவிட்டேன். கையில் ஒரு வேலை இருந்தால் மனசு ஊருக்கு ஓடாது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன டேப்பை எடுத்துக்கொண்டு போய் டிக்கெட் கவுன்டரை அளந்தான். ஜன்னலுக்கு அளவு, கதவுக்கு அளவு, சுவருக்கு அளவு. அளந்துகொண்டே பிளாட்பாரத்தில் குந்தி நகர்ந்தவன் முன்னால் இரண்டு பூட்ஸ் கால் வந்து நின்றது. ரயில்வே போலீஸ்காரர். ஊர் பேர் தெரியாத ஒரு பையன் ஸ்டேஷனை அளந்தால் அவர் கேட்காமல் இருப்பாரா? அவர் வேலையே அதுதானே.

"யார்ரா நீ? இன்னாத்துக்கு அளக்குற?"

"கிறிஸ்துமஸ் குடிலுக்கு சார்."

"குடிலுக்கு மாட்டுத் தொழுவம்தானே கட்டுவாங்க? ஸ்டேஷன எதுக்குடா அளக்குற? எந்த ஊரு?"

ஊரைச் சொன்னான். அவ்வளவு தூரத்துக் கடற்கரை ஊர் என்றதும் அவருக்குச் சந்தேகம் கூடித்தான் போனது. நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"சார், சார், நம்ம வூட்டுப் புள்ள சார்."

"உன் வூட்டுப் புள்ளயா? பேச்சே வேற மாதிரி கீதே. எனக்குத் தெரிஞ்சி உனக்கு அஞ்சுதானேம்மா?"

"இது ஆறாவது சார்."

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டி அவன் பையில் போட்டு, "இனிமே இங்க டேப்போட பார்த்தேன், ஆறாவதும் இல்ல ஏழாவதும் இல்ல" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டம்மாவுக்கு ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு போனார்.

பிள்ளை திரும்பவும் சுருங்கிப்போனான். என் பெண் அழுதாள். எனக்குத்தான் ரோஷம் வந்தது. டேப்தானே கூடாது? பூக்காரி கையில் நூல் இருந்தால் யார் கேட்பார்கள்?

மறுநாள் பூ கட்டுகிற நூல்கண்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒரு முனையை என் பெண் பிடித்துக்கொள்வாள். "மல்லி, கதம்பம்" என்று கூவிக்கொண்டே மறுமுனையோடு நான் நடப்பேன். போலீஸ்காரர் எதிரில் வந்தார், பார்த்தார், போய்விட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நூல். எது எதற்கு என்று எழுதிவைக்க எனக்கு வராதே, அதனால் நூல் முனையில் பூவைக் கட்டினேன். டிக்கெட் கவுன்டருக்குக் கனகாம்பரம். பெஞ்சுக்கு மரிக்கொழுந்து. மேல்கூரைக்குச் சாமந்தி. பிளாட்பாரத்துக்கு மல்லி. பிளாட்பாரத்துக்கு மட்டும் ஒரு கண்டு முழுசும் போதாமல் இன்னொரு கண்டை முடிந்தோம். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி ஓடிய கம்பெனிப் பெண் ஒருத்தி நூலில் கால் சிக்கி, "இன்னாக்கா, பூவ என் கால்லயா கட்டுவ?" என்று கத்திவிட்டு மின்சார வண்டியைப் பிடித்தாள்.

வீட்டில் உட்கார்ந்து கனகாம்பர நூலை முழம் போட்டுச் சொன்னேன். முழத்துக்கு ஒன்றரை அடி என்று அவன் பெருக்கினான். சாமந்தி நூலும் முடிந்தது, மரிக்கொழுந்தும் முடிந்தது. அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழி வந்தால் பெருமாள் கோவிலுக்குப் பூ கட்ட என் பத்து விரலும் போதாது. மல்லி நூலை மகளிடம் போட்டேன். "நீ முழம் போட்டு அண்ணங்கிட்ட சொல்லுடி" என்றேன். என் பெண்ணாயிற்றே. விரலை மடக்காமல், நுனி வரைக்கும் முழுசாக, ஒரு முழம் விடாமல் போட்டாள். எண்ணிக்கையை அவனிடம் சொன்னாள்.

அவன் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இவ்வளவு நீளமா வருது? பார்க்க அப்படித் தெரியலயே சித்தி."

"எங்க வூட்டு முழத்துல இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல. சந்தேகமா கீதுன்னா நீயே போய் அளந்துக்கோ. போலீஸ்காரர் உனக்காகத்தான் காத்துகினு கீறாரு."

அந்த எண்ணிக்கையை அப்படியே எழுதிக்கொண்டான்.

பழைய கொட்டாய்க் கதவைப் படுக்கவைத்துத்தான் ஸ்டேஷன் கட்டினார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவான். டி.வி. வந்த பெட்டியின் தெர்மாகோலில் சுவர், தகரத்தில் கூரை, தீக்குச்சியில் பெஞ்சு. ஸ்கேலை வைத்து வைத்துப் பார்ப்பான். பிளாட்பாரத்துக்கு மட்டும் கதவு போதவில்லை. கதவோடு ஒரு பலகையைச் சேர்த்து ஆணி அடித்தான். வீட்டுக்காரர் தாண்டிப் போக வழியில்லாமல் நின்று, "இது நம்ம ஸ்டேஷனா, இல்ல செங்கல்பட்டு வரைக்கும் போவுதா?" என்று கேட்டார்.

சாமி சுரூபங்களை எடுத்துவைத்தபோது பெரிய சண்டை. எங்கள் வீட்டுச் சூசையப்பர் பொம்மை டிக்கெட் கவுன்டரைவிடப் பல மடங்கு உயரம்.

"இது அளவுல இல்லியே பாப்பா. இவரு எப்படி டிக்கெட் எடுப்பாரு?"

"சாமி பெருசாத்தாண்ணா இருப்பாரு."

கடைசியில் சுரூபங்களை எல்லாம் பின்னால் மலை மேல் ஏற்றிவிட்டார்கள். குழந்தை யேசுவுக்கு மட்டும் என் பெண் ஒரு நெல்மணியைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தாள். அதைக் கடைசி பெஞ்சில் வைப்பதாக ஏற்பாடு. அவன் அதையும் ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டு, "அளவுக்கு இதுவே பெரிய பிள்ளதான். சரி, சாமிங்கிறதால விடுதேன்" என்றான்.

அந்த நாட்களில் என் வீட்டில் இன்னொரு அதிசயம். தீப்பெட்டி தங்கவில்லை. குச்சி மட்டும் டம்ளரில் கிடக்கும், பெட்டி இருக்காது. உரசுவதற்கு ஒரு பக்கம்கூட மீதி இல்லாமல் அடுப்புப் பற்றவைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. தெரு முழுக்க வசூல் நடந்திருக்கிறது. கேட்டால், "சும்மாம்மா" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் ஷிப்டுக்குப் போயிருந்தபோது அறையைப் பெருக்கப் போனேன். பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. கொடியில் ஒரு துணி இல்லை. சாப்பாட்டு டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. கதவோரம் பெரிய பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. ராத்திரிப் பூசை முடிந்து விடிந்ததும் பஸ் ஏறப்போகிறான் என்று புரிந்துவிட்டது. தங்கை கல்யாணம் என்ன ஆகும்? ஆனால் இன்னொருத்தி பெற்ற பிள்ளையை, பெற்றவளைப் பார்க்கப் போகாதே என்று நான் எந்த வாயால் சொல்வேன்? பெருக்கிவிட்டு வந்தேன். என் பெண் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள். பையை அவளும் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் அவன் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினான். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடுண்ணா. மூடு. தொறக்கக் கூடாது."

குடில் முன்னால் நிறுத்தி, சீரியல் பல்பைப் போட்டாள்.

பிளாட்பாரத்தை ஒட்டி எக்ஸ்பிரஸ் நின்றிருந்தது. இரண்டிரண்டு தீப்பெட்டி ஒட்டி ஒரு பெட்டி. காவிக்கல் கரைத்துப் பூசி, ஜன்னலுக்கு மையால் கட்டம் போட்டு, இன்ஜின் முதல் கடைசிப் பெட்டி வரைக்கும் ஒன்று விடாமல் செய்திருந்தாள். கடைசிப் பெட்டியின் பின்னால் மஞ்சளில் பெருக்கல் குறிகூட இருந்தது. கடைசி பெஞ்சுக்கு நேராக ஒரு பெட்டியின் கதவை வெட்டித் திறந்து வைத்திருந்தாள்.

அவன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். பிறகு, "பாப்பா, இது இங்கன நிக்காதே" என்றான்.

"நிக்கும்ணா. பிளாட்பாரம் பத்துது பாரு. ஒரு பெட்டிகூட வெளிய இல்ல. நீதானே சொன்ன?"

கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. ஸ்கேலை எடுத்துப் பிளாட்பாரத்தில் வைத்தான், ரயிலில் வைத்தான், யோசித்தான்.

"மல்லி நூலுக்கு யார் சித்தி முழம் போட்டது?"

"அவதான்."

"கையை நீட்டு பாப்பா."

நீட்டினாள். தன் முழங்கையை அவள் முழங்கையோடு சேர்த்துவைத்தான். அவள் நடுவிரல் அவன் மணிக்கட்டைத் தொட்டதும் நின்றுவிட்டது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சின்னக் கைக்கு முழம் கூடும். முழம் கூடினால் பிளாட்பாரம் நீளும்.

"முழம்னா முழம்தானேண்ணா?" என்றாள்.

அவன் சிரித்தான். வீடு அதிரச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆனது. சட்டென்று எழுந்து பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். முகத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை.

என் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அளவு தப்பாப் போச்சுன்னு அழுவுறாராம்மா?"

அந்த அழுகையைப் பத்து வயசுக்கு எப்படி விளக்குவேன்? "ஆமாண்டி" என்றேன்.

"அப்போ அந்தப் பலகைய பிச்சிடலாமா?" ஆணியில் கையை வைத்துவிட்டாள்.

தொட்டியடியிலிருந்து சத்தம் வந்தது. "ஏ பாப்பா! கை வெச்சிராத! அது அப்படியே நிக்கட்டும்!"

கிறிஸ்துமஸ் அன்று விடியலில் நான் அடுப்படியில் இருந்தபோது கொட்டாய்க் கதவு திறந்தது. பையோடு வருகிறான் என்று திரும்பினேன். கம்பெனி யூனிபார்ம் போட்டுக்கொண்டு நின்றான். கையில் அந்தச் சாப்பாட்டு டப்பா.

"நாலு இட்லி வைங்க சித்தி. எந்த அளவா இருந்தாலும் சரி."

சித்திரையில் அவன் தங்கை கல்யாணம் சொன்னபடி நடந்தது. நாங்களும் போனோம், தாம்பரத்தில் ஏறி, அதே எக்ஸ்பிரஸில். எங்கள் ஸ்டேஷன் வந்தபோது என் பெண் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். வண்டி நிற்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் பெஞ்சு, கவுன்டர், என் பூக்கூடை வைக்கிற இடம் எல்லாம் ஓடிப்போயின.

"சின்னதாத்தான் கீதும்மா. நான்தான் தப்பா அளந்துட்டேன். பாவம், அண்ணன் அழுதாரு. அடுத்த வருசம் உன் கையாலயே போடலாம்" என்றாள்.

அவன் இப்போது படப்பையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். போன் செய்தால் முதலில் அந்த பிளாட்பாரத்தைத்தான் விசாரிப்பான். பலகை என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. என் பெண் இப்போது ஜாக்கெட் தைக்கிறாள். அவள் அளவெடுத்தால் பிசகாது என்று படப்பையிலிருந்துகூட வருகிறார்கள். ஸ்டேஷன் பேச்சை எடுத்தால் மட்டும், "சின்னக் கையால அளந்து அண்ணன் ஆசையா கட்டினதைக் கெடுத்துட்டேன்" என்று இன்றைக்கும் முகம் சுண்டிப்போவாள். அன்றைக்கு நான் சொன்ன ஆமாவை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

போதும், எழுதினது போதும். எங்க, படிச்சிக் காட்டு கண்ணு. மொதல்லேர்ந்தே படி. உங்கம்மா அந்த ரூம்ல மிஷின் ஓட்டிகினு கீறா. அத நிறுத்தச் சொல்லிட்டு, அவளுக்கும் கேக்குற மாதிரி சத்தமா படி.